தவளைக்குப் பங்காளி

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் பச்சை டிரங்குப் பெட்டி, கம்பளி, ரம் பாட்டில் என்று கொண்டுவருவார்கள். அரசப்பனும் இவை மூன்றையும் கொண்டுவந்தான். அதோடு, கைக்குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை அணைத்துக்கொண்டு பாபநாசம் ஸ்டேஷனில் இறங்கினான். பாட்டில் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஈரப்பாசி. பாசிக்குள் கரும்பழுப்பாக ஒரு ஜீவன், கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருந்தது. அது எழுபதாம் வருஷத்து மார்கழி.

"என்னாய்யா அது, பல்லியா?" என்றாள் வேம்பு. நெடுநாள் கழித்து வீடு வந்த புருஷனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பல்லி இல்ல" என்றான் அரசப்பன். அவன் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். மிச்சமிருந்த ஆயுசு முழுவதும் அவன் அதிகம் சொல்லப்போகிற வார்த்தையும் அதுவே என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அரசப்பன் பட்டாளத்தில் துப்பாக்கியை விட ஜீப்பைத்தான் அதிகம் தூக்கி நிறுத்தினான். டார்ஜிலிங் மலையில் வண்டி ஓட்டும் வேலை. ஒரு மழைக்காலத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு காலேஜ் புரொபசர் மலைக்குட்டைகளை ஆராய வந்தார். அவருக்கு இவன் டிரைவர். அவர் குடைபிடித்துக்கொண்டு குட்டைக்கரையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். பேச்சுத்துணைக்கு வேறு ஆள் இல்லாததால் டிரைவரிடம் பேசினார். இந்தியில் அவர் சொன்னதில் பாதி அரசப்பனுக்குப் புரிந்தது. புரிந்த பாதியை அவன் பட்டாள நம்பரைப்போல மனப்பாடமாக வைத்துக்கொண்டான். சாலமாண்டர் என்று ஒரு சாதி. இந்தியாவில் அந்த மலைப்பக்கம்தான் உண்டு. பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் பல்லி இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டு கையில் கிடைத்ததும், மற்றவர்கள் கம்பளிச் சந்தைக்குப் போனபோது, இவன் குட்டைக்கரைக் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"பல்லிக்கு ஒடம்பெல்லாம் செதிலு, விரலு நுனியில நகம்" என்று டிரங்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பெண்டாட்டிக்கு விளக்கினான். "இதுக்கு ரெண்டும் கெடையாது. தவளைக்கு இருக்கிற மாதிரி வெறுந்தோலு. அந்தத் தோலு காயக் கூடாது. காஞ்சா செத்துடும். தோலாலயும் மூச்சு வுடுது புள்ள!"

"கத்துமா?"

"கத்தாது. பல்லிதான் கத்தும்."

"அப்ப இருக்கட்டும். சத்தம் போடாதது ஒண்ணாவது இந்த வீட்டுல இருக்கட்டும்" என்றாள் வேம்பு.

அதற்குக் குளிர்ச்சி வேண்டும். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குடிதண்ணீர்ப் பானை இருந்த மணல்மேடை. அங்கே இன்னொரு புதுப்பானை ஏறியது. தினம் மண்புழு வேண்டும். வயலுக்குப் போகிற வேம்புதான் கொட்டாங்குச்சியில் கொண்டுவர வேண்டியிருந்தது. "மாட்டுக்குப் புல்லறுத்தா பாலு கறக்கும். இதுக்குப் புழு பொறுக்கினா என்னாய்யா குடுக்கும்?" என்பாள். அரசப்பன் கொட்டாங்குச்சியை வாங்கிக்கொண்டு பானைப் பக்கம் போய்விடுவான்.

கீழநெடுவாய்க்கால் தெரு மொத்தமும் வந்து பானையை எட்டிப் பார்த்தது. அரணை என்றார்கள் சிலர். அரணை கடித்தால் மரணம், கிட்டப் போகாதே என்று பிள்ளைகளை இழுத்தார்கள். உடும்புக்குட்டி என்றார்கள் சிலர். காத்தாயி என்கிற பக்கத்து வீட்டுக்காரி, "இது தலையில வுழுந்தா என்ன பலன்?" என்று கேட்டாள். மெயின்ரோட்டில் டீக்கடை வைத்திருந்த ஜெய்னுலாபுதீன் ஒருநாள் தனியாக வந்து, தாடியைத் தடவிக்கொண்டு, "ஏன் மிலிட்டரி, இதுல எண்ணெய் காய்ச்சுவாங்களா? எனக்கு இல்லப்பா, மூட்டு வலிக்காரன் ஒருத்தன் கேட்டான்" என்றார்.

"பாய், இது எண்ணெய்ச் சரக்கு இல்ல. உருவத்தப் பாத்து ஏமாறாதீங்க. பல்லிக்கும் இதுக்கும் முகஜாடைதான் ஒண்ணு, ரத்தம் வேற. இது தவளைக்குப் பங்காளி. தவளைக்கு வாலு வுழுந்துடும், இதுக்கு வுழாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

"பங்காளின்னா கோர்ட்டுக்குப் போவுமா?" என்றார் ஜெய்னுலாபுதீன்.

வேம்புவுக்கு வேறு கவலை இருந்தது. ஊர்க் குட்டைக்குத் தெற்கே மூன்று மா நிலம், அவள் அப்பன் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதது. அப்பனுக்குப் பிறகு, புருஷன் அனுப்பிய மணியார்டரில் உரம் வாங்கிப் போட்டு அவளே சாகுபடி செய்தாள். குத்தகைக்காரர் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும் மனுக் கொடுத்தாள். நிலத்துக்காரர் குஞ்சிதபாதம், "அது என் பண்ணைச் சாகுபடி, இந்தப் பொம்பளை கூலிக்கு வந்தவ" என்று எதிர்மனுக் கொடுத்தார். உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து அவருடைய நிலங்கள் மைத்துனர், மைத்துனரின் மாமனார், சமையற்காரர், காரியஸ்தர் பஞ்சநதம் என்று பல பேர் பெயரில் பிரிந்து கிடந்தன. மாட்டுக்குப் பெயர் வைக்காததால்தான் அதன் பேரில் எழுதவில்லை என்று ஊரில் பேச்சு.

தை மாதம் தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பதாகத் தாக்கீது வந்திருந்தது. அவர் வரும்போது அந்த வயல் நெல் யார் களத்தில் கிடக்கிறதோ அவரே சாகுபடிதாரர். சட்டம் என்ன சொன்னாலும் ஊர் அப்படித்தான் பார்க்கும், தாசில்தாரும் அப்படித்தான் பார்ப்பார். கதிர் முற்ற இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் வெளியூர் ஆட்களை இறக்கி, பச்சையோடு பச்சையாக அறுத்துத் தன் களத்தில் போட்டுவிடக் குஞ்சிதபாதம் ஏற்பாடு செய்திருந்தார். வயலுக்குத் தெற்கே வேம்புவின் தெரு. அந்த வழியாக அறுப்பு ஆள் வந்தால் பெண்கள் செங்கொடியோடு குறுக்கே உட்கார்ந்துவிடுவார்கள். வடக்கே குஞ்சிதபாதத்தின் களம். களத்துக்கும் வயலுக்கும் நடுவில் இடுப்பளவுத் தண்ணீரோடு குட்டை. சுற்றிப் போனால் அந்தத் தெருவில்தான் போய்ச் சேரும் என்பதால், ஆட்கள் குட்டையில் இறங்கித்தான் வந்தாக வேண்டும்.

இந்த நிலையில் ஒருநாள் பானைக்குத் தண்ணீர் மாற்றும் வேலை வேம்புவின் தலையில் விழுந்தது. அரசப்பன் பென்ஷன் விஷயமாகத் தஞ்சாவூர் போயிருந்தான். "துணியக் கட்டிட்டுச் சாய்க்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் துணி கட்டாமல் குட்டைக்கரையில் பானையைச் சாய்த்தாள். தண்ணீர் போயிற்று, பாசி போயிற்று, கடைசியில் அதுவும் போயிற்று. வழுக்கிக்கொண்டு, வாலை ஒருமுறை ஆட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் பூட்ஸைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, மீன் பிடிக்கும் கூடையோடு அரசப்பன் மார்பளவு நனைந்து துழாவிக்கொண்டிருந்தபோது, கரைமேல் காரியஸ்தர் பஞ்சநதம் வந்தார்.

"ஏண்டா அரச..." என்று ஆரம்பித்தவர் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா அரசப்பா, என்னத்தத் தேடுறே?" என்று திருத்திக்கொண்டார்.

"நான் மலையிலேர்ந்து கொண்டாந்த ஜீவனுங்க. தப்பிச்சுப் போயிட்டுது."

"அதாம்ப்பா, பல்லின்னு சொன்னாங்களே."

"பல்லி இல்லிங்க!" தண்ணீருக்குள்ளேயே அரசப்பன் விறைப்பாக நின்றான். "பல்லி செவுத்துல ஏறும், இது ஏறாது. பல்லி பொந்துல முட்டை வுடும், இது தண்ணியில வுடும்."

"தண்ணியிலயா?"

"பின்ன? குஞ்சு தண்ணியிலயேதான் கெடக்கும். பெருசானாத்தான் கரையேறும்."

பஞ்சநதம் ஓரடி பின்னால் வைத்தார். "ஏறி?"

"இரை தேடும்."

"என்ன இரை?"

"உசுரோட அசையிறது எதுன்னாலும். செத்ததச் சீண்டாது."

"கா... காலு உண்டா?"

"நாலு காலு, நீள வாலு. சண்டையில ஒரு காலு போனாக்கூடத் திரும்ப மொளச்சுடுங்க!" என்றான் அரசப்பன் பெருமையாக.

எவ்வளவு பெரிது என்று பஞ்சநதம் கேட்கவில்லை. ஒரு சாணுக்கும் குறைவு என்று அரசப்பனும் சொல்லவில்லை. பல்லி இல்லை என்று நிரூபிக்க அளவு உதவாது என்பதால் அவனுக்கு அது நினைவுக்கே வரவில்லை. அந்த வருஷம் கொள்ளிடத்தில் நல்ல வெள்ளம். அணைக்கரைப் பக்கம் முதலை கரையேறி வெயில் காய்ந்ததைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பஞ்சநதம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போன வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு குட்டைக்கரையிலேயே தங்கிவிட்டது.

ஜெய்னுலாபுதீன் கடையில் முதல் டீ ஆறுவதற்குள் செய்தி வந்துவிட்டது. மிலிட்டரி கொண்டுவந்தது முதலைக்குட்டி. மத்தியானம் அது குட்டி இல்லை, இளமுதலை. சாயங்காலம், பட்டாளத்தில் பழக்கிய முதலை, விசிலடித்தால் வரும். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கண்ணால் பார்த்தவர்களே, "அது வேற, பெட்டியில வேற ஒண்ணு இருந்திச்சு" என்றார்கள்.

குஞ்சிதபாதத்தின் ஆட்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து களத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவன் காத்தான் என்பவன். குட்டையை ஒரு பார்வை, கரையில் கிடந்த ஒற்றைச் செருப்பை ஒரு பார்வை பார்த்தான்.

"இது யாரு செருப்பு?"

பஞ்சநதம் தன்னுடையது என்று சொல்லக் கூச்சப்பட்டார்.

"ஐயா, நாங்க அறுக்க வந்தவங்க. இரையாக வரல" என்று குஞ்சிதபாதத்திடம் சொல்லிவிட்டு, காத்தான் களத்துப் பூவரசு நிழலில் துண்டை விரித்துப் படுத்தான். மற்றவர்களும் படுத்தார்கள். மூன்று வேளைச் சோறு குஞ்சிதபாதத்தின் வீட்டிலிருந்து போயிற்று.

விஷயம் வேம்புவுக்குக் காத்தாயி மூலம் வந்தது. வேம்பு நேரே வீட்டுக்கு வந்து புருஷனைத் தேடினாள். அவன் கொல்லையில் கூடையை உதறிக்கொண்டிருந்தான்.

"வேம்பு, கேட்டியா அநியாயத்த! முதலைங்கிறானுவோ! முதலைக்குத் தோலு ஓடு மாதிரி இருக்கும். இது..."

"முதலைதான்."

"என்ன புள்ள சொல்றே?"

"அறுப்பு முடியிற வரைக்கும் அது முதலை. கதிரு முத்தி, நாம அறுத்து, கட்டு நம்ம களத்துக்கு வந்தப்புறம் நீ பல்லின்னு சொல்லு, தவளைன்னு சொல்லு, உன் மாமியான்னு சொல்லு. அது வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"நான் எப்படிப் பொய் சொல்லுவேன்?"

"பொய் யாரு சொல்லச் சொன்னா? சும்மா இருன்னேன்."

சும்மா இருப்பதுதான் அவனுக்கு வராது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அன்றிலிருந்து அவன் வெளியே கிளம்பும்போதெல்லாம் கும்பகோணம் வெற்றிலையில் நாலைச் சுருட்டி அவன் வாயில் திணித்து அனுப்பினாள். டீக்கடையில், "என்ன மிலிட்டரி, உன் முதலை சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார்கள். அரசப்பனின் கழுத்து நரம்பு புடைக்கும். சாறு தொண்டைக்குள் இறங்கும். "ம்" என்பான். ஒருவன், "முதலையும் பல்லியும் ஒரே சாதிதானே" என்றபோது அவன் எழுந்துபோய்ப் பின்பக்கத்துத் தென்னையைக் கையால் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

குஞ்சிதபாதம் முட்டாள் இல்லை. தினம் அத்தனை பேருக்குச் சோறு போட்டு அலுத்தவர், ஒருநாள் காலை காத்தானையும் ஆட்களையும் குட்டைக்கரைக்கு வரச்சொன்னார். அரசப்பனுக்கும் சொல்லி அனுப்பினார். ஊரே வந்தது. வேம்பு வயலோரக் கரையில் இடுப்பில் கதிரரிவாளோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் நெல் பழுத்துக் கிடந்தது. இன்னும் இரண்டொரு நாள் தள்ளினால் போதும்.

"அரசப்பா" என்றார் குஞ்சிதபாதம் தேனாக. "நீ பட்டாளத்துல இருந்தவன். பொய் சொல்ல மாட்டே. இதுக்குள்ள இருக்கிறது முதலைதான்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. நான் ஆளுங்களத் திருப்பி அனுப்பிடுறேன்."

பஞ்சநதம் தாம்பாளத்தில் சூடத்தைக் கொளுத்தி நீட்டினார். சூடத்தை அணைத்துப் பொய்ச்சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது என்பது அங்கே செங்கொடிக் கட்சிக்காரர்களும் மறுக்காத விஷயம். அரசப்பன் சுடரைப் பார்த்தான். எதிர்க்கரையில் வேம்புவைப் பார்த்தான். அவள் தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள். அவன் கை நீண்டது, சுருண்டது.

"என்னப்பா, முதலை இல்லியா? அப்ப வெறும் பல்லிதானா?" என்றார் குஞ்சிதபாதம்.

அரசப்பன் வெற்றிலையைத் துப்பினான்.

"பல்லி இல்லிங்க ஐயா! முதலையும் இல்ல!"

வேம்பு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதலைக்கு முன்னங்கால்ல அஞ்சு விரலு, பின்னங்கால்ல நாலு. பல்லிக்கு நாலு கால்லயும் அஞ்சஞ்சு. இதுக்கு முன்னால நாலு, பின்னால அஞ்சு. வேணும்னா எறங்கி எண்ணிப் பாத்துக்குங்க!"

"யாரு எண்ணுறது?" என்றான் காத்தான்.

"ஒண்ணும் செய்யாதுப்பா! இது தவளைக்குப் பங்காளி. கத்தாது, சீறாது, வர்றது தெரியாது. மூக்க மூடினாக்கூடத் தோலால மூச்சு வுட்டுக்கும். காலை வெட்டினா புதுக்காலு மொளைக்கும், வாலை வெட்டினா புதுவாலு. முதுகு ரெண்டு பக்கமும் வரிசையா கொப்புளம் இருக்கும். கையில எடுத்து அழுத்துனாத்தான் அதுலேர்ந்து விஷம் வரும், மத்தபடி சாதுவான ஜீவன்."

சூடம் தானாக எரிந்து அணைந்தது.

காத்தான் துண்டை உதறித் தோளில் போட்டான். "ஐயா, முதலைன்னாக்கூட ஒரு கை பாத்திருப்போம். முதலைய நாங்க கேள்விப்பட்டிருக்கோம். அத அடிச்சா சாவும். இது வெட்டினா மொளைக்குது, சத்தமில்லாம வருது, மூக்கு இல்லாம மூச்சு வுடுது, தொட்டா விஷம். இந்தாளு பொய் சொல்றவனா இருந்தா முதலைன்னு சத்தியம் பண்ணிட்டுப் போயிருப்பான். நெஜத்தச் சொல்றான். அதுதான் பயமா இருக்கு."

"கூறு கெட்டவனுங்களா! நானே எறங்கிக் காட்டுறேன்" என்று குஞ்சிதபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினார். முழங்கால் வரை போனார். தொடை வரை போனார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்போது அவர் காலில் ஏதோ உரசியது. விராலாக இருக்கலாம், அல்லித்தண்டாகவும் இருக்கலாம்.

"பயப்படாதீங்க ஐயா! அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அசைஞ்சாத்தான் கவ்வும்!" என்று அரசப்பன் அக்கறையாகக் கத்தினான்.

குஞ்சிதபாதம் அசைந்தார். வேட்டி தண்ணீரில் மிதக்க, அவர் மட்டும் கோவணத்தோடு கரையில் இருந்தார். நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. காத்தானின் லாரி மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டது. போகும்போது காத்தான் பஞ்சநதத்தின் செருப்பைக் கம்பால் தூக்கிக் கரைமேல் வைத்துவிட்டுப் போனான்.

கதிர் முற்றியதும் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கி அந்த மூன்று மாவையும் அறுத்தார்கள். வேம்பு முதல் நாள் முழுவதும் புருஷனோடு பேசவில்லை. இரண்டாம் நாள் கட்டுத் தூக்கிவிடக் கூப்பிட்டபோது சொன்னாள்: "உண்மையச் சொல்லிப் பொழச்ச ஒரே ஆளு ஜில்லாவுலயே நீதான்யா. இன்னொரு தடவ இப்படிச் சொன்னே, கால வெட்டிடுவேன். மொளைக்குதா பாப்போம்."

தாசில்தார் வந்தார். நெல் வேம்புவின் வாசலில் குவிந்து கிடந்தது. விசாரித்து, அக்கம்பக்கத்தில் கேட்டு, அவள் பெயரைப் பதிந்துகொண்டார். ஜீப்பில் ஏறும்போது, "அந்தக் குட்டையில என்னவோ பெரிய பல்லி இருக்காமே?" என்றார். அரசப்பன் வாயைத் திறந்தான். வேம்பு அவன் காலை மிதித்தாள்.

சித்திரையில் குட்டை வற்றியது. ஊரே சேற்றில் இறங்கி மீன் பிடித்தது. அரசப்பன் ஒரு மீனும் பிடிக்கவில்லை. சேற்றைச் சல்லடையில் வாரி வாரிப் பார்த்தான். மலைக்குளிரில் பிறந்தது இந்த வெயிலைத் தாங்காது என்று அவனுக்கே தெரியும். இருந்தாலும் பொழுது சாயும் வரை பார்த்துவிட்டு, தலையிலிருந்து கால் வரை சேறாக வந்து கூடத்தில் உட்கார்ந்தான். வேம்பு விரால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கல?"

"இல்ல." காலில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டே, "ஈரமான பொந்து எதுலயாவது பூந்திருக்கும். எங்கயாவது உசுரோடதான் இருக்கும்" என்றான்.

சுவரில் பல்லி 'உச் உச்' என்றது.

வேம்பு கரண்டியை வைத்துவிட்டு விரலால் தரையில் தட்டினாள். "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு."

அரசப்பன் தலையைத் தூக்கிச் சுவரை முறைத்தான்.

"பல்லிக்கு அதப்பத்தி என்னாடி தெரியும்?" என்றான்.